6,400 ரூபாய் கொடுத்து வாங்கிய சிங்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கிய குடும்பப் பெயர் வரலாற்றுத் தாளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் வரைபடத்துக்காக. மீதியைச் சிங்கம் தின்றுவிட்டது.

ஒரு குடும்பப் பெயரைக் கொடுத்தால், அது எந்தப் பக்கத்தில் பிறந்தது, என்ன அர்த்தம், அந்தப் பெயரில் யார் யார் புகழ்பெற்றார்கள், குலச்சின்னம் என்ன என்று எல்லாவற்றையும் பழைய தோல் ஏடு மாதிரித் தெரிகிற ஒரு தாளில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, மரச்சட்டத்தோடு வீட்டுக்கு அனுப்புகிற ஆன்லைன் சேவைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் வாங்கினேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. வாங்குவதற்கு முன் எட்டிப் பார்த்த நாலைந்து தளங்களிலும் குலச்சின்னமாக இதே சிங்கம்தான் நின்றுகொண்டிருந்தது, ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டிப் பயனில்லை. விலை 6,400 ரூபாய், கூரியருக்குத் தனியாக 650.

எதற்கு வாங்கினேன் என்றால், எங்கள் சித்தப்பா மகள் இத்தாலியில் டூரினுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை பியட்மான்ட் பகுதியில் கூனேயோ மாவட்டத்துக்காரர், குடும்பப் பெயர் ஃபெரேரோ. பதிவுத் திருமணம் அங்கே முடிந்துவிட்டது, வரவேற்பு மட்டும் காரைக்குடியில், எங்கள் வீட்டு வளவில். தேதி முடிவானதுமே அப்பத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "மாப்பிள்ளை வீட்டு விலாசம் என்னப்பா?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டும் இல்லை. பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கிறதே ராம., சித., பழ., அரு. என்று, அப்பா, ஐயா, அதற்கு மேலே உள்ளவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள், அதுவும் விலாசம்தான். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற காலத்தில் கடைப் பலகையில் எழுதியிருந்தது இந்த எழுத்துகள்தான், கடன் பத்திரத்தில் விழுந்ததும் இவைதான். 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் விலாசத்தைப் பிரித்துப் பாருங்கள், முத்தையாவும் சிதம்பரமும் மாறி மாறி வருவார்கள். ஐயா பெயர் பேரனுக்கு, அவ்வளவுதான் கணக்கு. ஏவி.எம்மில் இருக்கிற ஏவி கூட மெய்யப்பன் அவர்களின் அப்பா ஆவிச்சி செட்டியார்தான்.

அப்பத்தாவுக்கு ஃபெரேரோ என்று சொன்னேன். கூடத்தில் இருந்த பொடிசுகள் உடனே, "சாக்லேட் கம்பெனிக்காரங்களா?" என்று குதித்தன. நியாயமான கேள்விதான். இப்போது இங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சீர்த்தட்டு வரிசையில் பழம், தேங்காய், கற்கண்டுக்குப் பக்கத்தில் தங்கத்தாள் சுற்றிய அந்த உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கிய தட்டு ஒன்று இல்லாமல் இருப்பதில்லை. சித்தப்பா முகத்திலும் ஒரு நொடி ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, தாத்தாவிடம் இருந்தது இரண்டு மாடும் கொஞ்சம் நிலமும் என்றார். சரி, வரவேற்பன்று முகப்பில் மாட்டினால் வருகிற சனத்துக்கு எல்லாம் ஒரே பதிலாக இருக்குமே என்றுதான் இந்தச் சட்டத்துக்கு ஆர்டர் போட்டேன்.

பதினோரு நாளில் வரும் என்றார்கள், பத்தொன்பதாவது நாள் வந்தது. வரவேற்புக்கு இரண்டு நாள் முன்பு என்பதால் தப்பித்தேன். பேக்கிங் பிரமாதம், அதில் குறை சொல்ல மாட்டேன், நாலு மூலைக்கும் தெர்மோகோல், நடுவில் காற்றுப்பை, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. கனம்தான் கொஞ்சம் அதிகம், ஒரு ஆள் தூக்கி ஏணியில் ஏறுவது சிரமம். சட்டம் தேக்கு நிறத்தில் சாயம் ஏற்றிய ஏதோ மட்ட மரம். பர்மா தேக்குத் தூண் நிற்கிற பட்டாலையில் கொண்டுபோய் அதை வைத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். தாளின் ஓரம் எரிந்த மாதிரி பழுப்பு அச்சு. மேலே தமிழில் தலைப்பு வேண்டும் என்று கேட்டதற்கு 200 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிற தமிழில் அடித்திருந்தார்கள். ஃபெரேரோவில் இருக்கிற ஆய்தம் மட்டும் சரியாக விழுந்திருந்தது, அது எப்படி என்று தெரியவில்லை.

இனி வரைபடம். இதைப் போட்ட ஆள் யாரோ விஷயம் தெரிந்தவர். இத்தாலியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்து, கொல்லன் என்ற ஒரே பொருளுடைய குடும்பப் பெயர் எந்தெந்தப் பகுதியில் எப்படி எப்படி மாறுகிறது என்று காட்டியிருக்கிறார். லத்தீனில் இரும்புக்கு ஃபெர்ரும், இரும்பு வேலைக்காரன் ஃபெர்ராரியுஸ். அதிலிருந்து வடமேற்கில், ஆல்ப்ஸ் மலை அடிவாரத்துப் பியட்மான்ட்டில் ஃபெரேரோ. அதே பியட்மான்ட்டில் இன்னொரு வடிவம் ஃபெராரிஸ். கிழக்கே நகர்ந்து லொம்பார்டிக்கும் எமிலியாவுக்கும் வந்தால் ஃபெராரி, இத்தாலி முழுவதிலும் அதிகம் பேர் வைத்திருக்கிற பெயர்களின் முன்வரிசையில் இருப்பது இது. தெற்கே காம்பானியா, கலாப்ரியா பக்கம் போனால் ஃபெராரோ. டஸ்கனியிலும் ரொமான்யாவிலும் வேர்ச்சொல்லே மாறிவிடுகிறது, ஃபாபர் என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து ஃபாப்ரி. வெனிஸ் பக்கம் ஃபவேரோ, ஃபாப்ரிஸ். சார்டினியா தீவில் ஃப்ராவ். ஆஸ்திரியாவை ஒட்டி ஜெர்மன் பேசுகிற மலைப்பகுதியில் ஷ்மித். ஒரு பட்டறை, ஒரு உலை, ஒரு சம்மட்டி, ஒன்பது பெயர். ஆளின் பெயரைச் சொன்னாலே தாத்தா எந்தப் பக்கத்து ஆள் என்று முக்கால்வாசி யூகித்துவிடலாம் என்று மாப்பிள்ளையும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டேன். நம் பக்கமும் காளையார்கோவில் தாண்டிக் கொல்லங்குடி இருக்கிறது, வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போகாதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. ஊர்ப் பெயரிலேயே கொல்லன் இருக்கிறான். அந்த ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் கொல்லங்குடி கருப்பாயி நாடெல்லாம் பாடினார். ஆனால் அவர் பிள்ளைகளுக்குக் கொல்லங்குடி என்பது குடும்பப் பெயர் ஆகிவிடாது, நம்மிடம் பெயர் அப்படி இறங்குவதில்லை. இத்தாலியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பட்டறையை மூடிவிட்டு மாடு மேய்க்கப் போன பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் கொல்லன் என்றே பெயர். ஒட்டிக்கொண்டதற்குக் காரணத்தையும் கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், 1545 முதல் 1563 வரை நடந்த டிரெண்ட் திருச்சபைச் சங்கம், ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் வைக்க வேண்டும் என்று சொன்னது. ஏட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்தானே.

வரைபடத்தின் கீழ் மூலையில் பக்கத்துப் பெயர்கள் என்று ஒரு சின்னக் கட்டம். ரொஸ்ஸி என்றால் செம்பட்டை முடிக்காரன், தெற்கில் அதுவே ரூஸ்ஸோ. நேப்பிள்ஸில் எஸ்பொசிட்டோ, அதாவது அநாதையாக விடப்பட்ட குழந்தை. மிலானில் கொலம்போ, அர்த்தம் புறா. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விட்டுச் சென்ற குழந்தைகளுக்கெல்லாம் 1825 வரை இந்தப் பெயரைத்தான் வைத்தார்களாம், ஆஸ்பத்திரியின் சின்னம் புறா. எங்கள் ஐயா கடை வைத்திருந்த கொழும்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அப்பத்தாவுக்கு விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

இவ்வளவு நன்றாக வரைபடம் போட்டுவிட்டு, அதற்கு நேர் மேலே, தாளில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சிங்கம். நாக்கை நீட்டிக்கொண்டு இரண்டு காலில் நிற்கிறது. கீழே "ஃபெரேரோ வம்சத்தின் குலச்சின்னம்" என்று தங்க எழுத்து. இதுதான் எனக்கு எரிச்சல். பியட்மான்ட்டில் பியெல்லா ஊரைச் சேர்ந்த ஃபெரேரோ என்று ஒரு பிரபுக் குடும்பம் இருந்தது உண்மை. அதன் கிளையில் வந்த அல்ஃபோன்ஸோ ஃபெரேரோ லா மார்மொரா 1864 முதல் 1866 வரை இத்தாலியின் பிரதமராகவே இருந்தார், அவர் அண்ணன் அலெஸ்ஸாண்ட்ரோதான் 1836-ல் இறகு வைத்த தொப்பி போட்டு ஓட்டமாக ஓடுகிற பெர்சலியெரி படையை ஆரம்பித்தவர். குலச்சின்னம் என்பது அப்படி ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குக் கிடைத்தது, பெயர் ஒன்றாக இருக்கிற எல்லாருக்கும் பொது இல்லை. கொல்லன் இல்லாத ஊர் ஏது? ஊருக்கு ஊர் ஒரு கொல்லன் இருந்திருப்பான், ஒவ்வொருவன் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக அந்தப் பெயர் வந்திருக்கும். இதை நேர் கீழே இருக்கிற இவர்கள் வரைபடமே சொல்கிறது, மேலே இருக்கிற சிங்கத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால் எளிது. ராம. என்று விலாசம் போட்டவர்கள் எல்லாரும் பங்காளியா? காரைக்குடியில் ஒரு ராம., தேவகோட்டையில் ஒரு ராம., பள்ளத்தூரில் இன்னொன்று. பங்காளியா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் கோயிலைக் கேட்க வேண்டும், இளையாற்றங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, பிள்ளையார்பட்டியா என்று ஒன்பதில் எது, அதில் எந்தப் பிரிவு என்று. எழுத்தை வைத்து உறவு சொன்னால் ஆச்சிமார் சிரிப்பார்கள். அதே தப்பைத்தான் இந்தக் கம்பெனி 6,400 ரூபாய்க்குச் செய்து கொடுத்திருக்கிறது.

புகழ்பெற்றவர்கள் பட்டியல் பாதி நெல், பாதி பதர். முதலில் பியெத்ரோ ஃபெரேரோ, அது சரி. ஆல்பா ஊரில் மிட்டாய்க்கடை வைத்திருந்தவர், போர் முடிந்த சமயம் கோகோவுக்குத் தட்டுப்பாடு, சுற்றிலும் லாங்கே மலைச்சரிவுகளில் ஹேசல்நட் கொட்டிக் கிடந்தது, அதை அரைத்துக் கொஞ்சம் கோகோவோடு சேர்த்துக் கட்டியாக விற்றார். கம்பெனி 1946-ல். அவர் 1949-லேயே போய்விட்டார், 1964-ல் நுட்டெல்லா, 1982-ல் நம் சீர்த்தட்டில் ஏறியிருக்கிற உருண்டை, எல்லாம் மகன் மிக்கேலே காலத்தில் வந்தவை. மாப்பிள்ளையின் ஊரிலிருந்து ஆல்பா ஒரு மணி நேரப் பயணம்தானாம், அவர் அத்தை வீட்டுத் தோப்பிலும் அதே மரம்தான். அடுத்து குல்யெல்மோ ஃபெரேரோ, ரோமாபுரி வரலாறு எழுதியவர், முசோலினியோடு ஒத்துப்போகாமல் ஜெனீவாவுக்குப் போய் 1942-ல் சுவிட்சர்லாந்திலேயே இறந்தவர். இவரை எனக்கு இதற்கு முன் தெரியாது, இந்தச் சட்டத்தால் கிடைத்த நல்ல அறிமுகம்.

மூன்றாவதாக ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோ. 2003-ல் பிரெஞ்சு ஓப்பன் வென்றவர், அப்புறம் அல்கராஸுக்குப் பயிற்சியாளராக இருந்தவர், டென்னிஸ் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் ஸ்பெயின்காரர் ஐயா. அதே லத்தீன் சொல்லிலிருந்து ஸ்பெயினிலும் தனியாக அந்தப் பெயர் முளைத்திருக்கிறது. வாலென்சியா பக்கம் அதுவே ஃபெரர், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பெயர் வைக்கிறார்களே புனித வின்சென்ட் ஃபெரர், அவர் அந்த ஊர்க்காரர்தான். அவரையும் இதே வம்சம் என்று போடாமல் விட்டார்களே, அது ஒரு ஆறுதல்.

அதற்குக் கீழே "உறவுக் கிளைகள்" என்று தலைப்பிட்டு என்சோ ஃபெராரி. 1898-ல் மொடேனாவில் பிறந்தவர், கார் கம்பெனிக்காரர். அவருக்கும் எங்கள் மாப்பிள்ளைக்கும் உறவு என்றால், பெயரில் ஆசாரி என்று இருக்கிற எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று சொல்கிற மாதிரி. வரவேற்பன்று இதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் மாப்பிள்ளையிடம் போய்க் கார் என்ன விலை வரும் என்று விசாரித்தே விட்டார். ஆனால் உண்மையிலேயே போட்டிருக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டார்கள். கலிலியோ ஃபெராரிஸ். அச்சு அசல் பியட்மான்ட்காரர், 1847-ல் லிவோர்னோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர், சுழலும் காந்தப்புலத்தை 1885-ல் செய்து காட்டியவர், இன்றைக்கு நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற மோட்டாரின் அடிப்படை அது. சாமானியமாகப் பெயர் ஊரிலிருந்து ஆளுக்கு வரும், இங்கே ஆளிடமிருந்து ஊருக்குப் போயிருக்கிறது, அந்த ஊருக்கு இப்போது லிவோர்னோ ஃபெராரிஸ் என்றே பெயர். பதினாறாம் நூற்றாண்டில் நாற்படிச் சமன்பாட்டுக்கு விடை கண்ட லொடோவிகோ ஃபெராரியும் இல்லை. அமெரிக்காவில் 1984-ல் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜெரால்டின் ஃபெராரோவும் இல்லை. கார் விலை அதிகம், கணக்குக்கு விலை இல்லை போல.

கடைசித் தவறுதான் எனக்கு வீட்டில் வசவு வாங்கிக் கொடுத்தது. அடியில் மணமக்கள் பெயர் போடச் சொல்லியிருந்தேன். தங்கச்சி பெயருக்குப் பின்னாலும் ஃபெரேரோ என்று போட்டுவிட்டார்கள். நான் படிவத்தில் அப்படி எழுதவே இல்லை. பார்த்ததும் அவள், "அண்ணே, அங்க யாருமே இப்படி மாத்த மாட்டாங்க, இங்க வந்து மாத்தி வச்சிருக்கீங்க" என்றாள். இத்தாலியில் 1975-ல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து பெண் தன் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதோடு சரி, அடையாள அட்டை எல்லாம் பிறந்த வீட்டுப் பெயரில்தான். அவள் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்கிறீர்களா? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாதே என்று சித்தப்பா தன் பெயரை நிரப்பியிருந்தார். அதனால் டூரினில் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அவளைச் சித்தப்பா பெயரைச் சொல்லி, முன்னால் சிக்னோரா, அதாவது திருமதி, சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை அவர் போய் இறங்கியபோது வரவேற்பறையில் தன் பெயரை அழைக்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டாராம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைக்குத் தானாகவே அப்பா பெயர் மட்டும் போவது செல்லாது என்று 2022-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருவரும் பேசி ஒரே பெயர் போதும் என்று முடிவு செய்யாவிட்டால் அம்மா, அப்பா இருவர் பெயரும் சேரும். நாளைக்கு ஒரு பேரன் பிறந்தால் ஃபெரேரோவோடு சித்தப்பா பெயரும் ஏறும். ஐயா பெயர் பேரனுக்கு என்ற கணக்கு அங்கேயும் பொருந்துகிறதே என்று, இதைக் கேட்டதிலிருந்து அப்பத்தா மாப்பிள்ளைக்கு இரண்டு கரண்டி கூடுதலாகக் கவுனி அரிசி வைக்கிறார்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பெயர்த் தவறுக்குப் புதுத் தாள் அனுப்புகிறோம், கூரியர் 650 நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார்கள். படிவத்தின் படத்தை அனுப்பிய பிறகு 650 வேண்டாம் என்றார்கள், தாள் மூன்று வாரத்தில் வந்தது, பெயர் சரி, தமிழ்க் கொம்பு இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. சிங்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அது "டிசைனின் பகுதி" என்று பதில். அப்போதே தெரிந்துவிட்டது, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதே மிருகம்தான் வரும்.

வாங்கலாமா என்றால், தாளை மட்டும் கோப்பாக அனுப்புகிற 1,100 ரூபாய்த் திட்டம் ஒன்று இருக்கிறது, அதை வாங்கி உள்ளூரில் அச்சடித்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தலைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் சட்டத்தை நான் பிறகு கோவிலூர் ரோட்டில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து, மேல்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு வரைபடத்துக்கு மட்டும் பழைய தேக்கில் புதுச் சட்டம் போடச் சொன்னேன். 350 ரூபாய் என்றார். என்ன படம் இது என்று கேட்டார். இரும்பு வேலை பார்க்கிறவங்க பேரு, ஊருக்கு ஊரு எப்படி மாறுதுன்னு போட்டிருக்கு என்றேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார், சார்டினியா மேல் விரலை வைத்து இது தனியாகக் கிடக்கிறதே, தீவா என்றார். "அவுக இரும்பு, நாங்க மரம். கம்மாளர் அஞ்சு தொழில்ல ரெண்டு. முன்னூறு குடுங்க போதும்."